கணக்குப் பிரிவிலிருந்து தரவுப் பணிக்கு: இணையப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் முடிப்பதும்

அலுவலகக் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, தரவுப் பகுப்பாய்வுப் பணிக்கு மாற விரும்புகிறவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பிற துறையினரும் இதே முறையைக் கைக்கொள்ளலாம்; படிக்கும் பாடம் மட்டுமே மாறும்.

படிப்பைத் தேடுவதற்கு முன் வேலையைத் தேடுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில், நீங்கள் விரும்பும் பதவிக்கான விளம்பரங்களில் இருபதையாவது முழுமையாகப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் திறன்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கு எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்.க்யூ.எல்., தரவை வரைபடங்களாகக் காட்டும் பவர் பி.ஐ., நிரல்மொழியான பைத்தான் ஆகியவை அடிக்கடி தென்படும். நான்குக்கும் ஒரே நேரத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டாம். ஏற்கெனவே பாதி தெரிந்ததிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கணக்கர்களுக்கு அது பெரும்பாலும் எக்செல். அதற்கு அடுத்தது எஸ்.க்யூ.எல்.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு, நம் நாட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் திட்டம். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இத்திட்டத்தின் பாடங்கள், இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஜனவரி, ஜூலை பருவங்களில் நடக்கின்றன. சேர்வதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, ஒரு தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாரந்தோறும் ஓர் அசைன்மென்ட், அதற்கு ஒரு கடைசி நாள் என்று ஓடும். மொத்த மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட்டுக்கும் 75 தேர்வுக்கும் உரியவை. அசைன்மென்ட்டில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தக் கடைசி நாளும், முன்கூட்டியே கட்டிவிட்ட தேர்வுக் கட்டணமும் பெரிய பிடிமானம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விடப்பட்ட பாடங்களே பெரும்பாலும் பாதியில் நின்றுபோகின்றன.

பாடத்தின் நீளத்தைப் பார்த்து அது எளிதா கடினமா என்று முடிவு செய்யாதீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ‘பைத்தான் ஃபார் டேட்டா சயின்ஸ்’ நான்கே வாரங்கள்தான். ஆனால் நிரல் எழுதியே பழகாதவருக்கு அதன் வேகம் மூச்சுமுட்டும். அத்தகையவருக்கு ஐ.ஐ.டி. ரோபரின் பன்னிரண்டு வாரப் பாடமான ‘த ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’ பொருத்தமானது. எனவே, சேருமுன் முதல் வாரத்தின் வீடியோ ஒன்றையும் ஐந்தாம் வாரத்தின் வீடியோ ஒன்றையும், அது நான்கு வாரப் பாடமென்றால் கடைசி வாரத்தின் ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆங்கில விரிவுரை தடையாக இருந்தால், ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடங்கள். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க் உள்ளிட்ட பல மென்பொருள்களுக்குத் தமிழ்க் குரலிலேயே விளக்கம் உண்டு. திரையின் ஒரு பாதியில் வீடியோவையும் மறுபாதியில் மென்பொருளையும் திறந்து வைத்து, வீடியோவில் விளக்குபவர் செய்வதை நிறுத்தி நிறுத்தி நாமும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. எந்தத் தளத்தில் படித்தாலும் இம்முறையைப் பின்பற்றுங்கள். பயணத்தின்போது கைபேசியில் பார்ப்பது முன்னோட்டமாக இருக்கலாம். கணினியின் முன் அமர்ந்து செய்து முடித்த பாடத்தை மட்டுமே படித்ததாகக் கணக்கில் கொள்ளுங்கள்.

படித்ததை உங்கள் சொந்த வேலையில் போட்டுப் பார்ப்பதுதான் இந்த முயற்சியின் உயிர். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் கொள்முதல் பதிவேட்டையும், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜி.எஸ்.டி. தளம் தொகுத்துத் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையையும் ஒப்பிடுவது கணக்குப் பிரிவினருக்கு மாதந்தோறும் வரும் வேலை. இரண்டையும் எக்செல்லில் திறந்து, விற்பவரின் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஒரே கட்டத்தில் இணைத்து, ஒரு பட்டியலில் உள்ளதை மற்றதில் தேடித் தரும் வி-லுக்கப் கட்டளையைக் கொண்டு தேடுங்கள். அந்தக் கட்டளையின் நான்காவது இடத்தில் துல்லியப் பொருத்தம் வேண்டும் என்று குறிப்பிடத் தவறினால், அது தோராயமாகப் பொருத்தித் தவறான வரியைக் காட்டிவிடும். சரியாகக் குறிப்பிட்ட பிறகும் பல வரிகள் பொருந்தாமல் நிற்கும். உங்கள் பதிவேட்டில் 0125 என்றிருப்பது அறிக்கையில் 125 என்றிருக்கலாம். ஓர் எண்ணின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிரிம் கட்டளை இடைவெளியை நீக்கும். முன்னிற்கும் சுழியத்துக்கு என்ன செய்வது என்பதை நீங்களே யோசித்து ஒரு விதி வகுக்க வேண்டும். முடிவில் பத்து வரிகளைக் கையால் சரிபார்த்துவிடுங்கள்.

அதே இரண்டு பட்டியல்களை அடுத்த மாதம் எஸ்.க்யூ.எல்.-இல் ஏற்றி, இரு பட்டியல்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் கட்டளை மூலம் பொருந்தாதவற்றைப் பிரித்தெடுங்கள். பைத்தானுக்கு வந்தபின் பட்டியல்களைக் கையாளும் அதன் கூடுதல் தொகுப்பான பாண்டாஸின் மெர்ஜ் கட்டளையால் அதையே செய்யுங்கள். விடை முன்பே தெரிந்த வேலையாதலால், புதிய கருவியில் பிழை நேர்ந்தால் உடனே புலப்படும். இப்படிக் கற்றவர் விரிவுரையாளரின் மாதிரித் தரவோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் அலுவலகத்தின் உண்மைத் தரவை நிறுவனத்தின் அனுமதியின்றி வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரவோ பொதுவெளியில் ஏற்றவோ கூடாது. பெயர்களும் எண்களும் கற்பனையாக உள்ள ஒரு பட்டியலை, மேற்சொன்ன குறைகளோடு, நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு வாரப் பாடத்துக்கு வீடியோ மூன்று மணி நேரம் என்றால் பயிற்சிக்கும் அதே அளவாவது ஒதுக்க வேண்டும். அது இயலாத பருவத்தில் சேராமல் இருப்பதே மேல்.

வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் தனியார் படிப்புகளைப் பற்றி மட்டும் மிகுந்த கவலையோடு எச்சரிக்கிறேன். மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பல வேளைகளில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் அந்தக் கடன் உங்களைத் தொடரும். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, எந்தச் சம்பளத்தில், எந்த வகைப் பணியை அவர்கள் வேலை என்று கணக்கிடுகிறார்கள் என்பதைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சுயவிவரக் குறிப்பில் சான்றிதழ்களுக்கு ஒரு வரி போதும். அதற்கு மேலே, நீங்கள் செய்த ஒப்பீட்டு வேலையை மூன்று வரிகளில் எழுதி, கற்பனைத் தரவையும் கட்டளைகளையும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி, அதன் இணைப்பைக் கொடுங்கள். நேர்காணலில் எந்த வரிகள் பொருந்தவில்லை, ஏன், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள்; அந்த மூன்றுக்கும் குறிப்பைப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டு, அதன் பிறகு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.