ஐபொட்டில் இருந்த கச்சேரிகளை மலிவான பிளேயருக்கு மாற்றும் முறை

அப்பாவின் ஐபொட் கிளாசிக்கின் பற்றரி சென்ற மாதம் முற்றாகச் செத்துவிட்டது. கேபிளில் கொழுவினால் மட்டுமே உயிர் வருகிறது. அந்த வகையை ஆப்பிள் 2014இலேயே நிறுத்திவிட்டது, 2022 மே மாதத்தில் ஐபொட் வரிசை முழுவதற்குமே முடிவை அறிவித்தது. உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து நாதஸ்வரக் கச்சேரி கேட்காமல் அப்பாவுக்கு மாலைப்பொழுது கழியாது என்பதால், மெமரி கார்ட் போடக்கூடிய மலிவான பிளேயர் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். இந்த விலையில் வரும் தொடுதிரைகள் ஒன்றைத் தொட்டால் வேறொன்றைத் திறக்கின்றன. மின்வெட்டு இருட்டில் பெருவிரலுக்குத் தடவிப் பார்க்கவும் எதுவும் இருக்காது.

முதலில் பாடல்களை வெளியே எடுக்க வேண்டும். ஐபொட்டைப் புதிய கணினியில் கொழுவியதும், உள்ளே இருப்பவற்றை அழித்துவிட்டு இந்தக் கணினியுடன் இணைக்கவா என்று ஆப்பிளின் ஐரியூன்ஸ் மென்பொருள் கேட்கக்கூடும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அதிலே ஐபொட்டை வட்டாக (disk) பயன்படுத்தும் தெரிவை மட்டும் இயக்கி, வின்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தால், ஐபொட் கட்டுப்பாட்டுக் (iPod_Control) கோப்புறைக்குள் பாடல்கள் யாவும் இருக்கும். அவற்றின் பெயர்கள் நான்கு எழுத்துக் கிறுக்கலாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்; பாடலின் உண்மையான பெயரும் வரிசை எண்ணும் கோப்பினுள்ளே இருப்பதால், எம்.பி.3 டேக் என்ற இலவச மென்பொருள் அவற்றைக் கொண்டே கோப்புகளுக்குப் பெயரிட்டுவிடும். வேறு மென்பொருள்களையும் பார்த்தேன். இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஐரியூன்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏ.ஏ.சி. வகை ஒலிக்கோப்புகளை அவசரப்பட்டு எம்.பி.3 ஆக மாற்றாதீர்கள். பல மலிவான பிளேயர்கள் அவற்றை அப்படியே ஒலிக்கும், மாற்றினால் ஒலித்தரம் மேலும் குறையும். 2009க்கு முன் ஐரியூன்ஸ் கடையில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டோடு வாங்கிய பாடல்கள் மட்டும் ஒலிக்கமாட்டா.

மெமரி கார்ட் 32 ஜீ.பி. போதும்; 256 கே.பி.பி.எஸ். தரத்தில் ஏறத்தாழ 270 மணி நேரம் அதில் கொள்ளும். 64 ஜீ.பி.யும் அதற்கு மேற்பட்டவையும் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பு முறையில் வருவதால், ஃபாட் 32 என்ற பழைய முறை மட்டுமே தெரிந்த பிளேயர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கா. நடைபாதையில் வாங்கிய கார்டானால், எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற மென்பொருள் கொண்டு அதன் கொள்ளளவைச் சோதித்துவிட்டே பாடல் ஏற்றுங்கள். மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போலிக் கார்டுகளுக்கு இல்லை.

இனி, எனக்கு இரண்டு இரவுகளைத் தின்ற இடம். கோயில் கச்சேரி மல்லாரியில் தொடங்கி மங்களத்தில் முடிய வேண்டும். அப்பா பொத்தானை அமுக்கினார், மங்களம் ஒலித்தது. "என்ன, தொடங்க முதலே முடிச்சுப்போட்டாங்களோ?" என்றார். கணினியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். வின்டோஸ் பெயர்களை அடுக்கிக் காட்டுகிறது. மலிவான பிளேயரோ பெயரைப் பார்ப்பதே இல்லை, கார்டின் கோப்புப் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் எடுக்கிறது. நான் எல்லாவற்றையும் தெரிவுசெய்துவிட்டுக் கடைசிக் கோப்பாகிய மங்களத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்திருந்தேன், அதனால் அதுவே முதலில் எழுதப்பட்டிருந்தது. மங்களத்தை மட்டும் அழித்து மீண்டும் ஏற்றினேன். தான் விட்டுப்போன வெற்றிடத்திலேயே அது மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எண்ணிடுங்கள். வெறும் 1, 2 என்றால் எழுத்துவரிசைப்படி அடுக்கும் மென்பொருள்களில் 10 ஆனது 2ஐ முந்திவிடும். பிறகு புதிய கோப்புறை ஒன்றில், முதற்கோப்பின் மேல் மவுஸை வைத்து முழுவதையும் இழுத்து விடுங்கள். கோப்புறைகள் பல இருந்தால் டிரைவ்சோர்ட் என்ற சிறிய மென்பொருள் கார்டின் பட்டியலையே அடுக்கித் தரும். லினக்ஸில் அதே வேலையை ஃபாட்சோர்ட் செய்கிறது. ஒவ்வொரு முறை புதிய பாடல் சேர்த்த பின்பும் இதை மீண்டும் செய்ய வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் இரண்டு விதமாகப் பழுதாகின்றன. யூனிகோட்டில் எழுதியவை, பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நம் ஊரில் முன்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையோ, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். இரண்டுக்கும் நான் கண்ட ஒரே வழி, ராகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிடுவதுதான். மனம் ஒப்பவில்லை, ஆனாலும் செய்தேன்.

பிற்சேர்க்கை: இதன்படி செய்த நிலாவெளி நண்பர் ஒருவருக்கு ஒவ்வொரு பாடலும் இரண்டிரண்டாகத் தெரிந்து, அதில் ஒன்று ஒலிக்காமல் நின்றது. அவருடையது மேக் கணினி. அது கார்டில் ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியில் தொடங்கும் மறைவான துணைக்கோப்பு ஒன்றை எழுதிவைக்கிறது. வின்டோஸ் கணினியில் கார்டைப் போட்டு அவற்றை மட்டும் அழித்ததும் சரியாகிவிட்டது.