கம்ப்யூட்டர் ஃபேன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

போன மே மாதம் அக்கா மகன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதாம். சூடுதான் காரணம் என்று நினைத்து, "மாமா, இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்டான். உள்ளே ஏற்கெனவே நான்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சாம்பல் உள்ளே விழாதபடி கேபினெட்டின் முன்பக்க வலைக்கு அருகே பிடித்தேன். புகை உள்ளே போயிருக்க வேண்டும். என் முகத்துக்குத் திரும்பி வந்தது. முன்னால் இருந்த இரண்டு ஃபேனும் திருப்பி மாட்டப்பட்டிருந்தன. நான்கும் சேர்ந்து காற்றை வெளியே தள்ள, உள்ளே இழுக்க ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டியதோடு திக்கல் நின்றுவிட்டது.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஃபேனின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தாலும், இறக்கைகள் மறைப்பில்லாமல் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் வெளியே தள்ளும். சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியும் இருக்கும். இப்போது அழகுக்காக இறக்கையை எதிர்த்திசையில் அமைத்த ஃபேன்களும் விற்கிறார்கள் என்பதால், மாட்டியதும் ஊதுபத்தியோ மெல்லிய காகிதமோ வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே: பெரும்பாலான கேபினெட்டுகளுக்கு இது போதும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். குறைந்தால், வடிகட்டி இல்லாத சந்துபொந்தெல்லாம் காற்றை உறிஞ்சும், தூசியும் கூடவே வரும்.

அடுத்தது, ஃபேனைக் கூட்டினால் சூடு குறையும் என்ற நம்பிக்கை. ஃபேன் குளிரை உண்டாக்குவதில்லை, காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். அறை 38 டிகிரியில் இருந்தால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் அதற்குக் கீழே இறங்கவே முடியாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று சரியாக ஓடினால், அதற்கு மேல் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைத்தால், வெளியே போன சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு: பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது. நிரந்தரமாக அப்படி வைத்தால் தூசி அப்பிக்கொள்ளும். சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், அதற்கு அருமையான வழி அது. கதவைத் திறந்ததும் வெப்பம் நன்றாக இறங்கினால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை. பெரிய மாற்றம் இல்லையென்றால் பிராசசர் மேல் உள்ள கூலரைப் பாருங்கள்: பிராசசருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கலாம், சூட்டை உறிஞ்சும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கலாம். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பிராசசர் தன் எல்லையைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் பல டெஸ்க்டாப் பிராசசர்களில் அந்த எல்லை 95 டிகிரி, இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசசர்களில் 100.

வயரைச் செருகுவதிலும் கவனம் வேண்டும். நான்கு பின் (pin) ஃபேனுக்கு, அதாவது செருகியில் நான்கு வயர் உள்ளதற்கு, 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். நான்காவது வயரில் வரும் சிக்னல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மூன்று பின் ஃபேனில் வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். அதனால் மூன்று பின் ஃபேனை மாட்டிவிட்டு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) பிடபிள்யூஎம், அதாவது நான்காவது வயர் சிக்னல் முறை, என்றே விட்டுவைத்தால், அது எந்நேரமும் முழு வேகத்தில் இரையும். டிசி, அதாவது வோல்டேஜ் முறை, என்று மாற்றுங்கள், அமைதியாகிவிடும். ஒரே இணைப்பில் பல ஃபேன்களைச் சேர்ப்பதற்கு முன் ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு இணைப்புக்கு 1 ஆம்பியர்தான் கணக்கு.

சுத்தம் செய்யும்போது புளோயர் காற்றில் ஃபேனை விர்ரென்று சுற்றவிடாதீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் தேயும், மோட்டாரே ஜெனரேட்டர் போல மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் சும்மா நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். பல கார்டுகளில் சூடு ஏறிய பிறகுதான் அது சுற்றத் தொடங்கும்.

ஃபேன் கரகரத்தால் தேங்காய் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பேரிங் குண்டு இல்லாமல் வெறும் குழலில் தண்டு சுற்றும் சாதாரண புஷ் வகை ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச காலம் தாங்கும். அப்புறம் மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்கும்போது திருகுத் துளைகளுக்கு இடையே அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். துளைகளுக்கு இடையே 105 மி.மீ. இருந்தால் உங்களுக்குத் தேவை 120 மி.மீ. ஃபேன், 71.5 இருந்தால் 80. ஃபேன் அளவு என்பது சட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை.