செராடோவின் கரையான் புற்றுப் பல்லி: அதைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லி என்றதும் சுவரில் ஒட்டிக்கொண்டு விளக்கடியில் பூச்சி பிடிக்கும் உருவமே நினைவுக்கு வருவதால், பிரேசிலின் செராடோ புல்வெளிக்கு உரிய ஜிம்னோடாக்டிலஸ் அமராலியைப் பற்றி எழுதுபவர்கள் தொடக்கத்திலேயே தடுமாறிவிடுகிறார்கள். இந்தப் பல்லியின் விரல்களுக்கு அடியில் ஒட்டும் பட்டைகள் கிடையாது. நகம் தாங்கிய மெல்லிய விரல்கள் மட்டுமே உண்டு. கரையான் புற்றுகளே அதன் முக்கிய இருப்பிடம், கரையானே அதன் முதன்மை இரை. பிரேசிலின் வீட்டுச் சுவர்களில் திரிவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய வேறோர் இனம் என்பதால், அதன் படத்தை இதற்குப் போட்டுவிடக் கூடாது.

செராடோவை அமேசான் காட்டின் ஓரப்பகுதியாகக் கருதுவதும் தவறு. ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த இந்நிலத்தில் மே முதல் செப்டம்பர் வரை கடும் வறட்சி நிலவும்.

மிகுதியான பிழைகள் மலிந்திருப்பது செர்ரா ட மெசா அணையின் கதையில்தான். கோயாஸ் மாநிலத்தில் டொக்கான்டின்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இவ்வணையில் 1996இல் நீர் தேங்கத் தொடங்கியபோது, மேட்டு நிலங்கள் ஏறக்குறைய 300 தீவுகளாகின. கரையான் தின்னும் பெரிய பல்லியினங்கள் சில அத்தீவுகளிலிருந்து மறைந்துபோகவே, அவை விட்டுச்சென்ற பெரிய கரையான்கள் அமராலிக்குக் கிடைத்தன. 2011இல் ஐந்து தீவுகளையும் கரையோரத்து ஐந்து இடங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஐந்து தீவுகளிலுமே பல்லிகளின் தலை உடலை ஒப்பிடப் பெரிதாகியிருந்ததைக் கண்டு, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இதைப் "பல்லிகள் பெரிதாகிவிட்டன" என்று சுருக்குவது, கதையின் சுவையான பகுதியையே கெடுத்துவிடுகிறது. உடலும் சேர்ந்து வளர்ந்திருந்தால் அதைத் தாங்கக் கூடுதல் உணவு தேவைப்பட்டிருக்கும். தலை மட்டும் பெருத்ததால், செலவு அதிகம் கூடாமலே பெரிய இரையைக் கவ்வ முடிந்தது. "தேவைக்கேற்பத் தலையை வளர்த்துக்கொண்டது" என்பதும் பொருந்தாது. பெரிய வாயோடு பிறந்தவை கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாக இனம் பெருக்கின என்பதே இயற்கைத் தேர்வு தரும் விளக்கம். வெறும் அளவீட்டைக் கொண்டு எல்லாமே மரபணு மாற்றம் என்று அடித்துச் சொல்வதும் அவசரமே, ஏனெனில் உணவின் தன்மைக்கேற்ப வளரும் பருவத்தில் தலையின் அளவு மாறவும் வாய்ப்புண்டு.

அணை கட்டினாலும் உயிரினங்கள் சமாளித்துக்கொள்ளும் என்பதற்கு இப்பல்லியைச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் வாய்க்குப் புதிய இரை கிடைத்ததே மற்ற இனங்கள் அத்தீவுகளில் அழிந்ததால்தான்.