ஒன்லைன் உளவளத்துணை: நல்லபிள்ளையாக இருந்து காசைக் கரைக்க வேண்டாம்

உளவளத்துணையாளரைப் போனிலோ கணினியிலோ சந்திப்பதில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கிளினிக் வாசலில் தெரிந்த முகம் எதிர்ப்படாது. போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போனால், வீடு திரும்புவதற்குள் செய்தி கொக்குவில் தாண்டிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே கதைக்கலாம். ஏ.எல். பரீட்சைப் பதற்றம், முடிவில்லாத ஸ்பொன்சர் காத்திருப்பு, மாமியார் மருமகள் இழுபறி, பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க வெறும் வீட்டில் வரும் சலிப்பு, இவற்றுக்கெல்லாம் இது நல்ல வழி. ஆனாலும் சிலர் மூன்றாம் நாலாம் சந்திப்போடு, "சும்மா கதைதான், ஒரு பிரியோசனமும் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பழியை நெற் கவரேஜில் போடுவார்கள். என் கணக்கில் பாதிப் பழி எங்கள் மரியாதைக்குத்தான் சேரவேண்டும்.

டொக்டரோ ரீச்சரோ ஐயரோ, பெரிய மனிதர் கேட்டால் "ஓம், பரவாயில்லை" என்று சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம். "போன கிழமை எப்படிப் போனது?" என்று உளவளத்துணையாளர் கேட்டால், "ஓம் மிஸ், இப்ப நல்லம்" என்று வந்துவிடும். மிஸ் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியை இரண்டு நாளோடு விட்டாயிற்று. செய்த நாளில் நெஞ்சு இன்னும் கூடப் படபடத்தது. அம்மாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு வசனம் வேறு குத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் வாயில் வராது. நேரில் இருந்தால் காலாட்டுவதும் கைலேஞ்சியைத் திருகுவதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். திரையில் தெரிவது தோளுக்கு மேலே மட்டும். அதுவும் இடைக்கிடை உறைந்துவிடும். சொல்லாத ஒன்றை அவர் எங்கிருந்து பிடிப்பது?

பயிற்சி செய்யவில்லை என்பதும், செய்து சரிவரவில்லை என்பதும் அவருக்கு வேண்டிய தகவல்தான். அதை வைத்துத்தான் அடுத்த வழியைப் பார்ப்பார். "நீங்கள் போனமுறை சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை" என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். நல்லவர் என்றால் ஏன் என்று விசாரிப்பார். முகம் சுருங்கினால், ஆளை மாற்ற வேண்டிய நேரம்.

இதே நல்லபிள்ளைத்தனம் படிவத்திலும் வரும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற கேள்விப் படிவம் ஒன்று அனுப்புவார்கள். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, ஆகக்கூடியது 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்றோ தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்பது. அங்கே பலருக்குக் கை தானாகப் பூச்சியத்தில் போய் நிற்கும். பொலிஸ் பிரச்சினை வரும் என்ற பழைய பயம் இன்னும் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவை இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. நான் சொல்வதை எந்தக் கட்டத்தில் யாரிடம் சொல்வீர்கள் என்று உளவளத்துணையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். உயிராபத்து, சிறுவர் துன்புறுத்தல் போன்றவற்றில் அவர்கள் இரகசியத்தை விட வேண்டிவரும். உங்கள் உண்மையான விலாசத்தையும் அவசரத்துக்கு ஒருவரின் இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்கு நீங்கள் இருப்பது சாவகச்சேரியா சங்கானையா என்று தெரியாமல் உதவி அனுப்ப முடியாது. இரவில் தாங்காமல் போனால் அடுத்த சந்திப்புவரை பார்த்திருக்க வேண்டாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது.

இனி இடம். இயர்போன் போட்டால் போதும் என்பது பெரிய பிழை. அது அவருடைய குரலை மறைக்கும், உங்களுடையதை மறைக்காது. கதைக்கும் பொருளே மாமி என்றால், மாமி குசினியில் நிற்க என்ன கதைப்பது? வெளியே போகலாம் என்று பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனால் கடற்காற்று மைக்கை விழுங்கும். பின்னேரத்தில் அரை யாழ்ப்பாணம் அங்கேதான் நடக்கிறது. வளவின் பின்பக்கம் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் காது இருக்கும். வீட்டார் சந்தைக்கோ கோயிலுக்கோ போகும் நேரத்தைப் பிடியுங்கள், அறைக்கு வெளியே ரேடியோவைப் போட்டுவிடுங்கள். திடீரென்று யாராவது உள்ளே வந்தால் எழுத்தில் தொடர்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடியில் இருப்பவர்கள் நேரத்தை மாற்றிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

காசு கட்டுவது கனடா அக்கா என்றால் இன்னொரு சிக்கல். "மிஸ் என்ன சொன்னவ?" என்று அன்றிரவே அழைப்பு வரும். நன்றிக்கடனுக்காக முழுவதையும் ஒப்பிக்கத் தொடங்கினால், அடுத்த முறை அக்காவுக்குச் சொல்லக்கூடியதை மட்டுமே மிஸ்ஸிடமும் சொல்வீர்கள். "போகுது அக்கா, உதவியாத்தான் இருக்கு" என்பதோடு நிறுத்தலாம்.

அங்குள்ள ஒருவரிடமே கதைப்பதென்றால் நேரத்தைக் கவனியுங்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணிநேரம் பின்னுக்கு, குளிரில் பத்தரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றும்போது சந்திப்புத் தவறிவிடும். தகுதியையும் பாருங்கள். பிரித்தானியாவில் கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயர்களை யாரும் போட்டுக்கொள்ளலாம், சட்டத் தடை இல்லை. கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் என்று போட எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வேண்டும், அதை இணையத்தில் பார்க்கலாம். பெரிய செயலி என்பதும் காவல் அல்ல. பாவனையாளர்களின் உளநலத் தகவலை விளம்பரத்துக்காக பேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற ஒன்லைன் உளவளத்துணை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 78 இலட்சம் டொலர் கட்ட நேர்ந்தது.

தமிழ் உளவளத்துணையாளர் கிடைத்தவுடன் "நீங்கள் எவ்விடம்?" என்று தொடங்கி ஊர், கோயில், பள்ளிக்கூடம் என்று தோண்டுவதை விட்டுவிடலாம். அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். சென்னையில் இருப்பவர் என்றால் எதிர்ப்பக்கப் பிழை வரும்: அவருக்கு விளங்காது என்று 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வையும் 2009 போர் முடிவையும் சொல்லாமல் தாண்டுவது. இப்போதைய நித்திரையின்மைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதைச் சேர்ந்து பார்க்க வேண்டும். நீங்களே முதலில் வெட்டிவிடாதீர்கள்.

"மிஸ், நான் கனடா போறதோ விடுறதோ?" என்று தீர்ப்புக் கேட்பதிலும் பயனில்லை. திகதியோடு முடிவு வேண்டுமென்றால் சாத்திரியார் இருக்கிறார். மருத்துவர் அல்லாத உளவளத்துணையாளர் மருந்து எழுதமாட்டார். ஏற்கெனவே மன அழுத்த மாத்திரை எடுப்பவர், கதைக்கத் தொடங்கிவிட்டோமே என்று தானாக நிறுத்தக்கூடாது. களைப்பும் சோர்வும் மட்டும் என்றால் தைரொயிட்டையும் இரத்தச்சோகையையும் ஒருதரம் சோதிப்பது நல்லது. காதில் குரல் கேட்பது, நாட்கணக்கில் நித்திரையே இல்லாதது, குடி கைமீறுவது இவற்றுக்குத் திரை போதாது. போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பளை வைத்தியசாலைக்கோ நேரே போகவேண்டும்.

விடுவதென்று முடிவெடுத்தாலும் மரியாதை குறுக்கே வரும். முகத்துக்கு நேரே சொல்லக் கூசி, வட்ஸ்அப்பில் புளொக் பண்ணிவிட்டு மறைந்துவிடுவார்கள். "இன்னும் ஒன்றோடு நிறுத்தப்போறன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கடைசிச் சந்திப்பில், திரும்பவும் சரியத் தொடங்கினால் முதலில் தெரியும் அறிகுறி எது, அப்போது என்ன செய்வது என்று அவரோடு இருந்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.