12ஆம் நூற்றாண்டு ஜார்ஜிய உடை: தைக்க உட்காரும் முன் தேடுவது எப்படி?

ஆங்கிலத்தில் ‘ஜார்ஜியன் உடை’ என்று தேடினால், ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கவுன்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். காகசஸ் மலையடிவார ஜார்ஜியா எங்கோ பின்னால் கிடக்கும். ஜார்ஜிய எழுத்திலேயே தேடிப் பாருங்கள். உடைக்கு அவர்கள் சொல் ‘சமோசி’. (பசித்தால் நான் பொறுப்பல்ல.)

படி 1: ஒரு ஆள், ஒரு சுவர். ‘இடைக்கால ஜார்ஜியா’ என்று மொத்தமாக இறங்கினால் கரையேற முடியாது. நாம் 1184 முதல் 1213 வரை ஆண்ட தாமார் அரசியை, வர்ட்சியா குகை மடத்துச் சுவரோவியத்தில் பிடிப்போம்.

படி 2: ஓவியத்தின் வயது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். படத்தில் இருப்பவரின் காலம் வேறு, படம் வரைந்த காலம் வேறு. கெலாட்டி மடத்துச் சுவரோவியத்தில் இருக்கும் ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவீது 1125இல் இறந்தவர். அந்த ஓவியமோ 16ஆம் நூற்றாண்டுடையது. ஜார்ஜியக் கவிஞர் ருஸ்தவேலியின் காவியம் தாமார் காலத்தது என்றாலும், நாம் அடிக்கடி பார்க்கும் அதன் சுவடிப் படங்கள் பல நூற்றாண்டு பிந்தியவை. அவற்றைப் பார்த்துத் தைத்தால் தாமாருக்குப் பேத்திகளின் பேத்தி உடுத்திய உடைதான் கிடைக்கும்.

வர்ட்சியாவில் அந்தக் கவலை குறைவு. தாமாரின் பெயருக்கு அருகே நீண்ட ஆயுள் வேண்டும் வாசகம் இருக்கிறது. தந்தை மூன்றாம் கியோர்கியின் பெயருக்கு அது இல்லை. ஆக, வரையும்போது தந்தை உயிரோடு இல்லை. அவர் இறந்தது 1184இல். தாமாரின் தலையில் மணமான பெண்ணின் முக்காட்டுத் துணியும் இல்லை. ஆக, அப்போது அவருக்கு மணமாகவில்லை. இவற்றை வைத்து 1184–86 என்று காலம் கணிக்கிறார்கள்.

படி 3: அதே ஆளை வேறு சுவரில் பாருங்கள். பெத்தானியா, கின்ட்ஸ்விசி கோயில்களிலும் தாமார் உண்டு. நீங்கள் மணமாகாத அரசியா, மணமான அரசியா என்று இப்போதே முடிவு செய்யுங்கள், தலையலங்காரமே மாறிவிடும்.

படி 4: யார் உடை என்று கேளுங்கள். அரசர்கள் சுவரில் பைசாந்தியப் பேரரசர் பாணியில், மணி பதித்த சடங்கு உடையில் நிற்பார்கள். தினமும் அதைப் போட்டுக்கொண்டு யார் நடந்திருப்பார்கள்? பிரபுக்களின் அங்கியைத் தனியாகத் தேடுங்கள். மார்பில் தோட்டாக் குழல் வரிசை வைத்த ‘சோகா’ என்ற மேலங்கியைத் தொடவே வேண்டாம். அந்தக் குழல்கள் துப்பாக்கி மருந்துக்கானவை, பிற்காலத்தவை.

படி 5: தையல். சுவரோவியம் தையல் கோட்டைக் காட்டாது. அதற்கு அக்கம்பக்கத்தில் கடன் வாங்க வேண்டியதுதான். வடகாகசஸில் கிடைத்த, பட்டுக் கரை வைத்த பழைய லினன் அங்கி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தாமாருக்குச் சில நூற்றாண்டு முந்தியது, ஜார்ஜியருடையதும் அல்ல. ஆகவே நோட்டில் ‘சுவரில் கண்டது’, ‘கடன்’, ‘என் ஊகம்’ என்று மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு பட்டையையும் கழுத்து வெட்டையும் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். என் முதல் நோட்டில் மூன்றாம் பத்திதான் நிரம்பி வழிந்தது. உங்களுக்கும் அப்படியானால் பட்டு வாங்காதீர்கள். காடாத் துணியில் ஒன்று வெட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படி 3க்குப் போங்கள்.