மின்சார சைக்கிளில் சுமை: மோட்டார் இழுக்கும், தாங்காது

மின்சார சைக்கிள் வாங்கிய பலரும் முதல் வாரத்திலேயே கேரியரில் 25 கிலோ அரிசி சிப்பத்தை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். த்ரோட்டிலைத் திருகினால் வண்டி சிரமமே இல்லாமல் கிளம்புகிறது. சரி, தாங்குகிறது என்று அடுத்த முறை அதன்மேல் ஒரு எண்ணெய் டின்னையும் ஏற்றுவார்கள். கோளாறுகள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. மோட்டார் சுமையை இழுக்கும், தாங்காது. தாங்குவதெல்லாம் கேரியரும் அதன் போல்ட்டும் பின்சக்கரத்துக் கம்பிகளும்தான். சாதா சைக்கிளில் சுமை கூடினால் கால் வலித்து நமக்கே தெரிந்துவிடும். இதில் அந்த எச்சரிக்கையை மோட்டார் மறைத்துவிடுகிறது.

முதலில் கேரியரைப் பாருங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். 25 கிலோ என்பது பரவலாகக் காணப்படும் அளவு. 20 லிட்டர் தண்ணீர் கேன் அதற்குள் அடங்கிவிடும். வீட்டு சிலிண்டர் அடங்காது. உள்ளே கேஸ் 14.2 கிலோதான் என்றாலும் இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியர் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். இரண்டு பக்கமும் கால் ஊன்றாத அந்த வகையில் பை, சாப்பாட்டு கேரியர் போன்ற சின்னச் சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனம் ஏறினால் ஒரு வளைவில் அப்படியே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

கேரியரை எங்கே மாட்டுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். பழைய கறுப்பு சைக்கிள்களில் கேரியரின் கால்களைப் பின்சக்கர அச்சிலேயே செருகி நட்டைப் போட்டு இறுக்குவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் மெக்கானிக் மின்சார சைக்கிளுக்கும் அதையே செய்துவிடுவார். பின்சக்கரத்தில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலேயே அடங்கிய மோட்டார், இருந்தால் இது ஆபத்து. அங்கே அச்சு வெறுமனே சக்கரத்தைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அதே பலம் அச்சைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கிறது. நாக்கு வைத்த ஒரு வாஷரும் போட்டிருக்கிறது. கேரியர் காலுக்கு இடம் வேண்டுமென்று அந்த வாஷரைக் கழற்றினாலோ, நட்டுக்குப் போதிய மரை கிடைக்காமல் போனாலோ, சுமையோடு கிளம்பும் ஒரு நேரத்தில் அச்சு சுழன்று, அதன் வழியாக வெளியே வரும் மோட்டார் வயரை முறுக்கி அறுத்துவிடும். ஃபிரேமின் பின்முனையில் கேரியருக்கென்றே சிறு துளைகள் இருக்கும். கால்களை அங்கே போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். துளை இல்லாத ஃபிரேம் என்றால், அந்த வண்டியில் கனத்தை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

கம்பிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குகிறது, மோட்டாரின் இழுவையும் அதே கம்பிகள் வழியாகத்தான் போகிறது. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சுமக்கும், அப்புறம் அவையும் ஒவ்வொன்றாகப் போகும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று ஏதாவது இருந்தால் கோட்டம் எடுக்காமல் சுமை ஏற்றாதீர்கள்.

பையை ஹேண்டில்பாரில் மாட்டுவது எல்லோரும் செய்வதுதான். பை ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் போகும் ஆபத்து எந்த சைக்கிளுக்கும் உண்டு. மின்சார சைக்கிளில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் பிரேக்கைத் தொட்டதுமே மோட்டார் நிற்கும்படி பிரேக் பிடியில் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பையின் காது அந்தப் பிடியை லேசாக அழுத்தினாலும் மோட்டார் விட்டுவிட்டு ஓடும், அல்லது ஓடவே ஓடாது. வண்டி ரிப்பேர் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன், பையை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சாமான் ஏற்றும்போதும் இறக்கும்போதும் வண்டியின் மெயின் சுவிட்சை அணைத்தே ஆக வேண்டும். ஒரு கையில் சிப்பம், இன்னொரு கையில் ஹேண்டில்பார் என்று நிற்கும்போது த்ரோட்டில் திரும்பினால் வண்டி பாய்ந்துவிடும், முன்னால் நிற்பவர்மேல் மோதும். சைடு ஸ்டாண்டையும் நம்ப வேண்டாம், மண் தரையில் அது புதையும். இரண்டு கால் ஊன்றும் ஸ்டாண்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள். இரு பக்கமும் கேன் தொங்கவிட்டால், ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள். கனமான பக்கம் வண்டியைச் சாய்த்துவிடும்.

கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாகக் கிழித்து எடுத்தது இன்றும் நல்ல சாமான்தான். சுமை நழுவாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நுனியைத் தொங்க விடக்கூடாது. மிதித்துப் போகும்போது கயிறு சக்கரத்தில் சிக்கினால் கால் உடனே உணர்ந்து நிறுத்திவிடும். மோட்டார் அதை உணராது, இன்னும் இறுக்கிச் சுற்றும். கனத்தைப் பின் அச்சுக்கு மேலேயோ, கொஞ்சம் முன்னாலேயோ வையுங்கள். அச்சைத் தாண்டிப் பின்னால் தள்ளிக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் தடுமாறும்.

மேம்பாலத்தைத் த்ரோட்டிலிலேயே ஏறுவதும் தவறு. ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 25, சுமை 40 என்றால் மொத்தம் 130 கிலோ. 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதை 20 கி.மீ. வேகத்தில் ஏற்ற 280 வாட்டுக்கு மேல் வேண்டும், காற்றின் தடை தனி. பதிவும் லைசென்சும் தேவைப்படாத சைக்கிளின் மோட்டார் 250 வாட்டைத் தாண்டாது. அதனால் வேகம் குறையும். வேகம் குறையக் குறைய பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகி மோட்டாரைச் சுட வைக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே மிதிக்க ஆரம்பியுங்கள். மேலே ஏறியதும் மோட்டாரைத் தொட முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள். டயரில் காற்றை அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை ஒட்டி, ஆனால் தாண்டாமல், சுமை ஏற்றும் முன்பே அடித்துவிடுங்கள்.