ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள்

அத்தையின் ரத்தச் சோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது, இருக்கவேண்டியதைவிட அதிகம். வீடே கலங்கிவிட்டது. மறுநாள் திரும்ப எடுத்தால் 4.3, சரியான அளவு!

சோதனைக்கூடத் தவறுகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் நடப்பதில்லை, ரத்தம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நரம்பு தெரியட்டும் என்று கையை மூடி மூடித் திறந்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டினாலும், குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறும். அத்தை கையை மூடித் திறந்துகொண்டே இருந்தாராம். அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு சோதனை முடிவைக்கூட அது புரட்டிப்போடும். எப்போது நிறுத்தவேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

அப்புறம், பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்) தனியார் கிளினிக்கோ, குழாயில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று எழுந்திருக்கும் முன் பாருங்கள். தாதி கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரே பெயரில் இரண்டு பேர் வரிசையில் இருப்பது நம்மவர்களிடையே சகஜம்தானே.

உடம்பு நன்றாக இருக்க, எண் மட்டும் தாறுமாறாக வந்தால் மறுபரிசோதனை பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். மருந்தை மட்டும் நீங்களாக மாற்றவேண்டாம்.